வலப்பக்க இருக்கை

இருபத்தொரு வருடம் இடப்பக்கம் உட்கார்ந்தே
ஓட்டியாயிற்று.
ட்ரெலேவிலிருந்து கொமொதோரோ, மறுபடி ட்ரெலேவ்,
மூன்றாம் எண் நெடுஞ்சாலை.
பின்னால் நாற்பத்தாறு பேர் வாய் பிளந்து தூங்குவார்கள்.
சன்னலோரத்து இடது முழங்கை மட்டும்
வலதைவிட ஒரு நிறம் கறுப்பு.

செவ்வாயும் சனியும் எனக்கு விடுப்பு.
அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு
செஸ்னாவின் வலப்பக்கம் ஏறுகிறேன்.

விமானம் ஓட்டத் தெரியும், உரிமம் வாங்கி ஆறு வருடம்.
இப்போது பணம் கட்டிப் படிப்பது
இன்னொருவர் ஓட்டும்போது
சும்மா இருக்க.

வலப்பக்கத்திலிருந்து பார்த்தால்
ஓடுபாதை கோணலாய்க் கிடக்கிறது
அவசரத்தில் ஒட்டிய தபால்தலைபோல.
கியர் தள்ளிப் பழகிய வலக்கை
திராட்டிலைத் தேடிக் கதவைத் துழாவுகிறது.
வாய் வேறு பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
"மூக்கு உயர்கிறது பாருங்கள்" என்று நான் முடிப்பதற்குள்
மூக்கு இறங்கத் தொடங்கியிருக்கும்.

யமிலாவுக்கு இருபத்தாறு வயது,
என் மூத்தவனைவிட இளையவள்.
எனக்கு மாணவியாக நடிப்பதுதான் அவள் வேலை.
ஒருநாள் பயந்து நடுங்கும் பல் டாக்டர்,
ஒருநாள் எல்லாம் தெரிந்த பண்ணை முதலாளி.
இறங்கும்போது வேண்டுமென்றே
தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நிமிர்த்துவாள்.
நான் பிடுங்குவேன்.
"என் தரையிறக்கத்தைத் திருடிவிட்டீர்கள்" என்பாள்
பல் டாக்டரின் குரலில்.
குறிப்பேட்டில் மூன்று வாரமும் ஒரே சொல்:
அவசரம்.

பஸ்ஸிலும் ஒரு வலப்பக்க இருக்கை உண்டு.
கிலாகேயோ ஓட்டும் நான்கு மணி நேரம்
அதில் தூங்குவதாகத்தான் நினைத்திருந்தேன்.
இப்போது அங்கிருந்து அவனுக்குப் பாடம் எடுக்கிறேன்.
விமானத்தை அவன் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறான்.
இறக்கை எப்போது காற்றைக் கைவிடும்,
விட்டால் மூக்கை ஏன் தாழ்த்த வேண்டும்,
எல்லாம் கேட்டுக்கொண்டு
மாத்தேயின் கசப்பை உறிஞ்சுவான்.

"பையன் தப்பாக இழுக்கிறான் என்று வை.
நீ எப்போது கை வைப்பாய்?"

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.
பதினொரு கிலோமீட்டர் பேசாமல் ஓட்டினான்.
பிறகு, "நெலிதா, உன் காலைப் பார்."

வலது கால்
இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.
அதன் கீழே ரப்பர் விரிப்பில் ஒரு குழி.
இந்த பஸ் வந்து ஒன்பது வருடம்.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது,
ஒவ்வொரு வளைவிலும்.

சனிக்கிழமை மேற்குக் காற்று
கட்டியிருந்த விமானங்களைக் கயிறோடு உலுக்கியது.
யமிலா பல் டாக்டராக ஏறினாள்.
அதே ஓர் ஆள் உயரம்.
என் இரு கைகளும் முழங்கால்மேல்,
விரல்கள் கால்சட்டைத் துணியைக் கசக்க,
"கொஞ்சம் பவர்" என்றேன்.
அவள் கொடுக்கவில்லை.
இறங்கினோம் என்று சொல்ல முடியாது,
விழுந்தோம்.
முதுகெலும்பை யாரோ ஒவ்வொன்றாக எண்ணிய மாதிரி.

குறிப்பேட்டில் எழுதினாள்:
தாமதம்.

அவசரத்துக்கும் தாமதத்துக்கும் நடுவில்
அரை வினாடி அகலத்துக்கு ஓர் இடமாம்.
அங்கே உட்காரத்தான் சம்பளம் தருவார்களாம்.
அந்த மணிநேரத்துக்கு
கொமொதோரோவுக்கு மூன்று நடை போய்வந்த காசு கொடுத்தேன்.

அன்றிரவு கராயால்டே தாண்டி,
விளக்கு வெளிச்சத்தில் ஒரு குவானாக்கோ,
கழுத்தை நீட்டி, சாலை நடுவே,
எங்கள் பெயர்களை வாசிப்பதுபோல் நின்றது.
கிலாகேயோ மிதித்தான்.
நாற்பத்தாறு தூக்கமும் முன்னால் சாய்ந்து
திரும்பவும் இருக்கையில் விழுந்தன.

நான் ஷூவைக் கழற்றிவிட்டு
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.
கால் துடித்தது, தொடைக்கு அடியில்,
உறையில் போட்ட மீன் மாதிரி.

"இன்னும் எத்தனை மணிநேரம் பாக்கி?" என்றான்.
பறப்பதையா, பஸ்ஸையா என்று கேட்காமல்
"பதினேழு" என்றேன்.